விறகு நாள்

லுணுகலை,
8 ஜூலை 1979

அன்புத் தம்பி மர்ஸூக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். போன கிழமை பதுளைக்குப் போய் வீட்டைப் பார்த்துவந்தேன். வாப்பா கடையில் நிற்கிறார், உம்மா உன் கல்யாணப் பேச்சில் நிற்கிறார். இரண்டும் வழமைபோல. நோர்ட்டன்பிரிட்ஜ் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி?

விஷயம் இதுதான். ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை ஆசிரியர்களுக்கு வகுப்பறை மானியம் கொடுக்கப்போகிறதாம். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில், எரிபொருளைச் சிக்கனமாகப் பாவிப்பதையும் காட்டைக் காப்பதையும் பிள்ளைகளோடு செய்து காட்டிப் படிப்பிக்கிற ஆசிரியருக்குத்தான் அது. பணம் அந்த ஆசிரியரின் வகுப்புக்கு வரும். முதலில் நாங்களாக ஒன்றைச் செய்து வைக்க வேண்டும், தை மாதம் ஒரு குழு வந்து பார்க்கும், பிடித்தால் தரும்.

இந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் விண்ணப்பம் போட என்னை விட்டால் ஆளில்லை. எங்கள் அதிபர் இராமையா சேர், நீங்க எழுதுங்க டீச்சர், நான் கையெழுத்துப் போடுறேன் என்றுவிட்டார். உனக்கு இயந்திரம் தெரியும். என்ன செய்யலாம் என்று சொல்.

ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் பெண்பிள்ளைகள் உட்காரும் வாங்கு வெறுமையாகக் கிடக்கும். அந்த இரண்டு நாளில்தான் தோட்டத்துக் காவலுக்கு நிற்கும் வாட்சர் விறகுக்காட்டைத் திறந்துவிடுவார். தாய்மார் மலையில் கொழுந்து பறிக்க நிற்பதால் விறகுக்குப் போவது மகள்மார். வாரத்தில் இரண்டு நாள் போனால் படிப்பில் என்ன மிஞ்சும்? இதை விண்ணப்பத்தில் எங்கேயாவது சேர்க்கலாமா?

சளிக்குக் கொத்தமல்லி குடி.

உன் நலம் கேட்டு துஆச் செய்யும் ராத்தா,
ஜெனீரா


நோர்ட்டன்பிரிட்ஜ்,
17 ஜூலை 1979

அன்புள்ள ராத்தா,

வஅலைக்கும் ஸலாம். சளி இருக்கிறது, நானும் இருக்கிறேன். இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போகிறோம். உங்கள் முழங்கால் வலி பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் அது கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

விறகை விடுங்கள். விறகைக் காட்டி எந்தக் குழுவையும் அசைக்க முடியாது. உங்கள் ஃபெக்டரிக்குக் கீழே, ஓடைக்கரையில், வெள்ளைக்காரன் காலத்து டர்பைன் ஒன்று கிடக்கிறது. கொழும்பிலிருந்து மின்கம்பி வந்த கையோடு அதைக் கைவிட்டுவிட்டார்கள். போன வருஷம் வந்தபோது மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே துரு, உள்ளே சக்கரம் நல்ல சக்கரம். ஒரு பழைய லொறி டைனமோவைப் பூட்டினால் உங்கள் வகுப்பில் பல்ப் எரியும். ஓடும் தண்ணீரில் இருந்து வெளிச்சம். குழு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

படமும் கணக்கும் விண்ணப்பமும் இத்துடன் இருக்கின்றன. அப்படியே அனுப்புங்கள். ஒரு வரியும் மாற்ற வேண்டாம். மாற்றினால் கணக்கு பிழைத்துவிடும்.

கொத்தமல்லி குடித்தேன். பிரயோசனம் இல்லை.

மர்ஸூக்


லுணுகலை,
20 ஆகஸ்ட் 1979

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். சுகம். முழங்கால் பரவாயில்லை. தாமதத்துக்குக் கோபிக்காதே, தவணைப் பரீட்சை.

விண்ணப்பம் போய்விட்டது. உன் படங்கள் மிக அழகு. வகுப்புச் சுவரில் ஒட்டினேன். தனலெட்சுமி என்று ஒரு பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரி. படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, “டீச்சர், இந்தச் சக்கரத்துக்கு மழையில்லாத மாசத்துல என்னா வேல?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ எழுது.

இன்னொரு சின்னச் சந்தேகம். களிமண் அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தால், குழாய் எவ்வளவு அகலம் இருந்தால் புகை திரும்பாது? சும்மா, பாடத்துக்காகத்தான் கேட்கிறேன்.

உம்மா உனக்கு வெலிமடையில் ஒரு பெண் பார்த்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

துஆவுடன்,
ஜெனீரா


நோர்ட்டன்பிரிட்ஜ்,
29 ஆகஸ்ட் 1979

ராத்தாவுக்கு,

ஸலாம். சுகத்தைப் பிறகு பார்ப்போம்.

சும்மா பாடத்துக்காகவா? நீங்கள் டர்பைனை வெட்டியெறிந்துவிட்டு அடுப்பை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மறுக்க வேண்டாம், எனக்கு உங்களைத் தெரியும். சின்ன வயதில் என் பட்டத்தின் வாலையும் இப்படித்தான் கேட்காமல் வெட்டினீர்கள், பிறகு சும்மா பார்த்தேன் என்றீர்கள்.

நாடு அணை கட்டுகிறது. நான் இங்கே மலையைக் குடைந்து வரும் தண்ணீரில் ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிறேன். என் சொந்த ராத்தா மண்ணைக் குழைத்து அடுப்புப் போடப்போகிறா. குழு சிரித்துவிட்டுப் போகும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பானை வைக்கும் அடுப்பின் படம் இத்துடன். வாய் சிறிதாக இருக்க வேண்டும். பானைக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி, அதற்கு மேல் கூடாது. புற்றுமண்ணோடு சாணம் கலந்தால் வெடிக்காது. எண்ணெய் டின்னை வெட்டிக் குழாய் செய்து கூரைக்கு வெளியே விடுங்கள். தகரத்தில் ஓட்டை போடும் இடத்துக்குத் தார் பூசுங்கள். கோபத்தோடு வரைந்த படம், ஆனால் அளவெல்லாம் சரி.

தனலெட்சுமிக்குச் சொல்லுங்கள்: மழையில்லாத மாதத்தில் சக்கரத்துக்கு வேலை குறைவுதான். கேள்வி நல்ல கேள்வி.

வெலிமடைக்காரர்களிடம் எனக்குச் சளி என்று சொல்லச் சொல்லுங்கள்.

மர்ஸூக்


லுணுகலை,
5 அக்டோபர் 1979

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நல்ல சுகம், மனமும் சுகம். நீயும் அப்படியே இருக்க அல்லாஹ் போதுமானவன்.

கூரைத் தகரத்தில் ஓட்டை போட தோட்டத் துரை சம்மதிக்க வேண்டியிருந்தது. இராமையா சேரும் நானும் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டு கலையும்வரை ஆபீஸ் வாசலில் நின்றோம். துரை முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் நின்ற பெரிய கணக்கப்பிள்ளை, ஓட்டையில்லாத தகரம் இந்தத் தோட்டத்தில் எங்கே இருக்கிறது, இன்னும் ஒன்று போட்டால் என்ன என்றார். துரை சிரித்துத் தலையாட்டிவிட்டார்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேல்லயத்தில் ஆறு வீட்டில் அடுப்புப் போட்டாயிற்று. பிள்ளைகளே மண் குழைத்தார்கள், பிள்ளைகளே அளந்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு தராசை இரவல் வாங்கி, பழைய அடுப்புக்கு எவ்வளவு விறகு, புது அடுப்புக்கு எவ்வளவு என்று நிறுத்தார்கள். பாதிதான் போகிறது. மாலையில் மலையிலிருந்து இறங்கும்போது தாய்மார் தூக்கிவருகிற கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியே போதும் என்கிறார்கள்.

தனலெட்சுமி தொடர்ந்து இரண்டு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்தாள். மூன்றாவது வெள்ளியும் வந்தாள். அன்றைக்கு நான் பாடமே நடத்தவில்லை, சும்மா வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வரைந்த உன் கை நோவில்லாமல் இருக்க துஆ.

ஜெனீரா


நோர்ட்டன்பிரிட்ஜ்,
14 அக்டோபர் 1979

அன்புள்ள ராத்தா,

ஸலாம். பாதி என்று நான் கணக்குப் போட்டேன், பாதி வந்தது. கணக்கு பிழைக்காது. இனி நூறு வீட்டுக்குப் போட்டாலும் பாதிதான். குழு வரும்வரை ஒன்றையும் தொட வேண்டாம்.

சளி போய்விட்டது. உம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

மர்ஸூக்


லுணுகலை,
27 நவம்பர் 1979

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை ஆறு கிழமையாக விடவில்லை. லுணுகலை ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்தது. நீ எப்படி இருக்கிறாய்?

முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை. ஆறு வீட்டில் ஐந்து வீட்டார் புகைபோக்கியில் சாக்கைத் திணித்து அடைத்துவிட்டார்கள். வீடு முழுக்கப் புகை, கண்ணைத் திறக்க முடியாது, ஆனாலும் அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. “எங்களுக்கு இது தோதுப்படல டீச்சர், கோச்சுக்காதீங்க” என்கிறார்கள். தனலெட்சுமியின் தாய் பெரியாயி என்னைக் கண்டாலே வேறு பாதையில் போகிறாள்.

செவ்வாய், வெள்ளி வாங்குகள் மறுபடியும் வெறுமை. முன்பைவிடக் கூட.

குழு வரும் திகதி அறிவித்துவிட்டார்கள். ஜனவரி 25, வெள்ளிக்கிழமை. அதுவும் விறகு நாள். வெறும் வாங்குகளைத்தான் காட்ட வேண்டிவரும். விலகிக்கொள்வதாக எழுதிவிடலாமா என்று இராமையா சேரிடம் கேட்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. எதையோ நிறுக்கிறார்கள்.

ஜெனீரா


நோர்ட்டன்பிரிட்ஜ்,
12 டிசம்பர் 1979

அன்புள்ள ராத்தா,

ஸலாம். பத்திரமாக வந்து சேர்ந்தேன், நனைந்துகொண்டே.

நான் லுணுகலைக்கு வந்தது சாக்குகளை உருவி எறிவதற்கு. வந்த இடத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் குழுவுக்கு எழுத்தில் ஒன்று வேண்டும் என்பதால் எழுதித் தருகிறேன்.

உங்கள் பிள்ளைகள் செய்ததை என்னோடு படித்த பலர் செய்திருக்க மாட்டார்கள். சாக்கு அடைத்த வீட்டுப் பரணிலிருந்து ஒரு கட்டை, அடைக்காத வீட்டுப் பரணிலிருந்து ஒரு கட்டை. ஒரே மரம், ஒரே நீளம். இரண்டையும் தராசில் மாட்டினார்கள். அடைக்காத வீட்டுக் கட்டை ஒன்றரை மடங்கு பாரம். அந்தக் கூடுதல் பாரம் முழுக்கத் தண்ணீர்.

லயத்தில் விறகை அடுப்புக்கு மேலே பரணில்தான் அடுக்குகிறார்கள். கீழிருந்து புகையும் சூடும் ஏறி அதைக் காயவைக்கும். நான் புகையை வெளியே அனுப்பியபோது சூட்டையும் கூடவே அனுப்பிவிட்டேன். வெயில் காலத்தில் தெரியவில்லை. மழை தொடங்கியதும் விறகு காயவில்லை, ஈர விறகு இரண்டு மடங்காகப் போனது, பிள்ளைகள் முன்னைவிட அதிகமாகக் காட்டுக்குப் போனார்கள். என் கணக்கெல்லாம் காய்ந்த விறகுக்குப் போட்டது. பெரிய முட்டாள்தனம்.

புதுப் படம் இத்துடன் வருகிறது. புகைபோக்கி நேரே மேலே போகக் கூடாது. அடுப்பிலிருந்து சுவரோரமாகப் படுத்துக்கொண்டு போய் அதன் பிறகு எழும்ப வேண்டும். படுத்திருக்கும் பகுதிக்கு மேல் ஒரு தகரத் தட்டு. ஈர விறகை அந்தத் தட்டில் அடுக்குங்கள். புகை வெளியே போகும், போகிற வழியில் விறகைக் காயவைத்துவிட்டுப் போகும். குழாயை ஓர் அடி உயர்த்துங்கள், இல்லாவிட்டால் இழுவை குறையும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை அல்லவா. திரும்பும்போது பஸ் ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில், வழுக்கலில், ஒரு பிள்ளை விறகுக் கட்டோடு நின்றாள். கட்டை வாங்கி லயத்துச் சந்தி வரை கொண்டுபோய் வைத்தேன். என் கழுத்து இன்னும் ஒரு பக்கம் திரும்பவில்லை. “நீங்கதானே டீச்சரோட தம்பி, சக்கரப் படம் போட்டவங்க?” என்று கேட்டாள். ஆம் என்றேன்.

அது தனலெட்சுமியா? பள்ளிக்கு வருகிறாளா?

மர்ஸூக்


நோர்ட்டன்பிரிட்ஜ்,
10 ஜனவரி 1980

ராத்தாவுக்கு,

ஸலாம். ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. லுணுகலை பஸ் ஓடுகிறதா என்று பதுளைக்குப் போன ஓர் ஆளிடம் கேட்டேன், ஓடுகிறதாம். தபாலும் ஓடுகிறதாம். நீங்கள்தான் ஓடவில்லை.

புது அடுப்பு இழுக்கிறதா, இல்லையா? இல்லாவிட்டால் எழுதுங்கள், நானே வந்து உடைக்கிறேன். இழுத்தாலும் எழுதுங்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. அது தனலெட்சுமிதானே?

மர்ஸூக்


லுணுகலை,
27 ஜனவரி 1980

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். சுகம் என்று எழுதக் கை கூசாத நாள் இது. உன் கழுத்து திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆமாம், அது தனலெட்சுமிதான். நீ பார்த்தாயே, அந்தக் கிழமையே அவளைப் பள்ளிக்கு வராமல் மறித்துவிட்டார்கள். தகப்பன் மாடசாமி, விறகுக்குத்தானே போகிறாள், பொங்கலுக்குப் பிறகு தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தால் சம்பளமாவது வரும் என்று கங்காணியிடமும் பேசிவிட்டான். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அடுப்பைக் கொண்டுவந்த டீச்சர் சொல்லை இனி எப்படி நம்புவது என்று அவன் கேட்டான். அதை உனக்கு எழுத எனக்கு விருப்பமில்லை.

அதனால் உன் புதுப் படத்தை வைத்து முதல் அடுப்பை அந்த வீட்டிலேயே போட்டோம். பெரியாயி வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே வரவில்லை. மூன்றாம் நாள் போனேன். புகைபோக்கியில் சாக்கு இல்லை. தட்டில் விறகு சடசடவென்று காய்ந்து கிடந்தது. வீட்டுக்குள் புகையும் இல்லை. பெரியாயி தேத்தண்ணி தந்தாள், அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, எங்க வீட்டுக்கும் எப்ப டீச்சர் என்று கேட்டாள். அப்போதுதான் பெரியாயிக்கு அடுப்பு பிடித்துப்போனது விளங்கியது. பொங்கலுக்குள் ஆறு வீட்டிலும் மாற்றிவிட்டோம்.

ஆனாலும் குழு வருகிற வெள்ளிக்கிழமை வாங்கு நிறையுமா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளி விடிந்தது. பெரட்டுக்குப் போகிற நேரம், தலையில் மழைக்குப் போடும் கொங்காணியோடு பெரியாயி பள்ளிக்கு ஏறி வந்தாள். பின்னால் தனலெட்சுமி. அவர்களுக்குப் பின்னால் மாடசாமி பேசிக்கொண்டே வந்தான்.

“படிச்சு இவ என்னா தொரச்சாணியாவா ஆகப்போறா?”

“ஆகட்டுமே. ஆயிட்டா ஒனக்கு ஒரு நாள் லீவு குடுப்பா” என்றாள் பெரியாயி. பிறகு என்னிடம் சொன்னாள்: “வெறகு வீட்டுல கெடக்கு டீச்சர். இவ இங்க இருக்கட்டும்.”

அவ்வளவுதான். மலைக்குப் போய்விட்டாள். மாடசாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சேரிடம் ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு அவனும் போனான்.

குழு பத்து மணிக்கு வந்தது. கொழும்புக்காரர் இருவர், ஒரு வெள்ளைக்காரி. வகுப்பில் எல்லாப் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். அது ஒரு அதிசயம் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் இன்றைக்கு விறகு நாள், இந்த வாங்கைப் பாருங்கள் என்று இராமையா சேர் எழும்பிச் சொன்னார். பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணிக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

லயத்துக்குக் கூட்டிப்போனோம். பிள்ளைகள் தராசை மாட்டிக் காட்டினார்கள். முதல் அடுப்பு எப்படித் தோற்றது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வெள்ளைக்காரி அதைத்தான் அதிகம் எழுதிக்கொண்டாள். கொழும்புக்காரரில் ஒருவர் சுவரில் இருந்த உன் டர்பைன் படத்தை முன்பே பார்த்திருந்தார். இவ்வளவு தண்ணீர் ஓடுகிற இடத்தில் மின்சாரம் கேட்காமல் ஏன் அடுப்பைத் தேர்ந்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் தனலெட்சுமி எழும்பிவிட்டாள்.

“லைட்டு வந்தா ராத்திரி படிக்கலாம் சேர். பகல்ல வெறகுக்குப் போயிட்டா, ராத்திரி படிக்க என்னா பாடம் இருக்கும்?”

அவர் அதை வெள்ளைக்காரிக்கு இங்கிலீஷில் சொன்னார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

கோபிக்காதே தம்பி. ஜூலையில் உனக்கு நான் நேரே சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துஆவுடன்,
ஜெனீரா


லுணுகலை,
16 மார்ச் 1980

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நலமாக இருந்து இந்தச் செய்தியைக் கேட்க வேண்டும்.

கிடைத்துவிட்டது. ஊவா மாகாணத்தில் மானியம் பெற்ற ஒரே தோட்டப் பள்ளி எங்களது. என் பெயரில், என் வகுப்புக்கு. தந்தி வந்த அன்று இராமையா சேர் மணியை அடித்துப் பள்ளியை விட்டுவிட்டார். பிறகு நேரம் பதினொன்று என்று பார்த்து மறுபடியும் அடித்துக் கூப்பிட்டார். ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை. எல்லாரும் லயத்துக்குச் செய்தி சொல்ல ஓடிவிட்டார்கள்.

இனி வகுப்புக்குச் சொந்தத் தராசு, வெப்பமானி, அடுப்புகளுக்குத் தகரம். மேல்லயம் முழுக்கப் போட்டாயிற்று, கீழே பணிய லயத்தில் பாதி. ஒவ்வொரு அடுப்பும் ஒரு பாடம். பிள்ளைகள் அளந்து, வரைந்து, போட்டு, நிறுத்து எழுதுகிறார்கள். பங்களாக் குசினியிலும் ஒன்று போட முடியுமா என்று துரை ஆள் அனுப்பிக் கேட்டார். வரிசையில் நிற்கச் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் சொன்னதை நான் அப்படியே சொல்லியனுப்பவில்லை.

மாடசாமி பேர் பதிவதைப் பற்றிப் பேசுவதில்லை. கடையடியில் என் மகள் வெள்ளைக்காரியோடு பேசினவ என்று சொல்லித் திரிகிறானாம்.

இப்போது ஒரு பெரிய தொல்லை. போன வருஷம் படிப்பை விட்டவர்களும் திரும்பி வருகிறார்கள். இரண்டு பிள்ளைகள் அடுத்த தோட்டத்திலிருந்து நடந்து வருகிறார்கள். இதுவரை வந்துகொண்டிருந்தவர்களுக்கு அளவாகத்தான் வாங்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை மற்றவர்கள் ஈரத் தரையில் சாக்குப் போட்டு உட்கார்ந்தார்கள். மானியத்தில் வாங்கு, மேசை போன்ற தளபாடம் வாங்கக் கூடாதாம்.

நீ கோபத்தோடு என்றாலும் சரி, ஒரு வாங்கு எப்படிச் செய்வது என்று வரைந்து அனுப்பு.

ராத்தா,
ஜெனீரா


நோர்ட்டன்பிரிட்ஜ்,
21 மார்ச் 1980

அன்புள்ள ராத்தா,

ஸலாம். படம் அனுப்ப மாட்டேன். பலகை வாங்கிவிட்டேன். லொறியும் பேசிவிட்டேன், வருகிற வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் இறங்கும், பலகைக்கு மேலே நான் இருப்பேன். அரம், வாள், சுத்தியல் எல்லாம் என்னிடம் உண்டு. பிடித்துக் கொடுக்கப் பிள்ளைகள் போதும்.

எத்தனை பேர் என்று எண்ணி எழுத வேண்டாம். இன்னும் வருவார்கள். நீளமாகவே செய்கிறேன்.

உங்கள் தம்பி,
மர்ஸூக்